அப்பாவின் தூண்டில் பையும் அம்மா போடாத கையெழுத்தும்

திருச்சி பொன்மலைப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 1973ல் பொன்மலை ரயில்வே பணிமனையில் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் வேலை போய், பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டவர். ஃபிட்டராக இருந்து 2012ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருக்கு வீடு, கோயில், ஆற்றங்கரை மூன்றும்தான் உலகம். புதன்கிழமை சகாயமாதா கோயில் நவநாளைத் தவறவிட மாட்டார். மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே சைக்கிளில் காவிரிக்கோ கொள்ளிடத்துக்கோ கிளம்பிவிடுவார். கெளுத்தியோ கெண்டையோ கிடைத்ததை அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார். விரால் கிடைத்த நாளில் பிள்ளைகளுக்கெல்லாம் ஃபோன் போகும். மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து, பேரனுக்கு முள் கட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

கடந்த பிப்ரவரி 9 அன்று, 73 வயதில் இறந்துபோனார். எட்டு மாதமாகிறது. அம்மாவுக்கு 69 வயது. குடும்ப ஓய்வூதிய மனுவில் கையெழுத்துப் போட மறுக்கிறார். "அவர் போன காசை நான் கையெழுத்துப் போட்டு வாங்கணுமா" என்று கேட்கிறார். தூண்டில் பையை யாரையும் தொட விடுவதில்லை. வங்கிக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது அப்பா, அம்மா இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கு. மாதாமாதம் அப்பாவின் ஓய்வூதியம் அதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அண்ணன் அப்பாவின் ஏடிஎம் அட்டையில் எடுத்து வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிறார். அப்பா பெயரில் ஆறு லட்சம் ரூபாய் வைப்பு நிதி இருக்கிறது, நாமினி அண்ணன். ரயில் இன்ஜினும் மீனும் செதுக்கிய கிரானைட் கல்லறையை இரண்டரை லட்சத்தில் கட்டலாம் என்கிறார் அண்ணன்.

அப்பாவின் பைபிளுக்குள் அவர் கைப்பட எழுதிய ஒரு தாள் கிடைத்திருக்கிறது. வீடு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு சின்னவளுக்கு. வங்கிப் பணத்தின் வட்டியில் ஒவ்வொரு மே முதல் தேதியும் ஏழைகளுக்குச் சாப்பாடு. தூண்டில் சாமான்கள் பேரனுக்கு. கீழே அப்பாவின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அந்தச் சின்னவள், அதாவது கடிதம் எழுதியவரின் தங்கை, கணவரைப் பிரிந்து மூன்று வருடமாகப் பெற்றோர் வீட்டில் தையல் வேலை செய்துகொண்டு இருக்கிறார். வழக்கு எதுவும் போடவில்லை. அவருக்கு ரயில்வே வேலை கிடைக்கும் என்று தாய்மாமன் சொல்கிறார். அப்பாவின் நினைவாக ஒரு சிறு மலர் அச்சிட்டு முதலாண்டுத் திருப்பலியில் கொடுக்கவும் ஆசை. கடைசியில் ஒரு வரி: "அழ வேண்டிய நேரத்தில் பணத்தைப் பற்றிக் கேட்கிறேனே, இது தப்பா?"

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. ஓய்வூதிய வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராகச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இந்தக் கேள்விகளைக் கேட்க ஒருவர் இருப்பது நல்லது. துக்க காலத்தில் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளால்தான் இரண்டு, மூன்று வருடம் கழித்து அண்ணன் தங்கைகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறார்கள். உங்கள் அப்பா குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பம் உடையாமல் இருக்க வேண்டுமானால் கணக்கு வழக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

முதலில் அம்மாவைப் பற்றிப் பேசுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது

அம்மா மனதில் ஒரு எண்ணம் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் என்பது கணவர் இறந்ததற்காக ரயில்வே தரும் பணம் என்று நினைக்கிறார். அது சரியல்ல. ஓய்வூதியம் அரசு இரக்கப்பட்டுத் தரும் தொகை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தெளிவாகச் சொன்னது. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். உங்கள் அப்பா பணிமனையில் உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஊதியம் இரண்டு பகுதியாக இருந்தது. ஒன்று அப்போதே கைக்கு வந்தது. இன்னொன்று அவருடைய முதுமைக்கும், அவருக்குப் பிறகு மனைவிக்கும் என்று வைக்கப்பட்டது. ஓய்வு பெறும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து படம் எடுத்து, ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னவர் அப்பாவேதான். அம்மா வாங்க மறுப்பது அவர் தனக்காக வைத்துப்போன பணத்தை. இதை நீங்கள் சொல்வதைவிட, அப்பாவோடு வேலை பார்த்த நண்பரின் மனைவி யாராவது, தானே இப்போது குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அம்மா கேட்பார். பொன்மலையில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லுங்கள். மனுவில் கையெழுத்துப் போட்டாலும் தூண்டில் பை இருந்த இடத்திலேயே இருக்கும். யாரும் அதை எடுக்கப் போவதில்லை. கையெழுத்துக்கு அடுத்து பை, அப்புறம் சட்டைகள், பிறகு வீடு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பல அம்மாக்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லிப் போக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் இரண்டும் இன்னும் சரியாகவில்லை என்றால் பொன்மலை ரயில்வே மருத்துவமனைக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். அப்பா ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அம்மாவுக்கு அந்த வசதி தொடரும். அண்ணனோடு சென்னை போய் இருந்தாலும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் காட்டலாம். ஊர் மாறினால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதும் வெறும் பயம்தான்.

எவ்வளவு கிடைக்கும்? விதிப்படி குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வூதியம் 50 சதவீதம். ஆகவே அப்பாவின் முழு அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு அடிப்படை 12,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. குறைந்தபட்சம் 9,000 ரூபாய். ஓய்வு பெற்றவர் இறந்தால் முதல் ஏழு வருடம் கூடுதல் விகிதம் உண்டு என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது ஏழு வருடம் அல்லது அப்பாவுக்கு 67 வயது நிறையும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான். அப்பா 73ல் இறந்ததால் அது பொருந்தாது. அம்மாவுக்கு 80 வயதானதும் அடிப்படையில் 20 சதவீதம் கூடும்.

அப்பா 2012ல் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டார், 15 வருடம் முடியவில்லை, மீதியை அம்மா திருப்பிக் கட்ட வேண்டும் என்று அண்ணன் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. அந்தப் பிடித்தம் அப்பாவின் ஓய்வூதியத்தோடு முடிந்தது. குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். அப்பா 2016க்கு முன் ஓய்வு பெற்றவர். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அவருடைய ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் திருத்தப்பட்டிருக்க வேண்டும். வங்கி பழைய ஆணையை வைத்துக்கொண்டு பழைய தொகையைக் கொடுத்துவிடக் கூடாது. திருத்திய ஓய்வூதிய ஆணை வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பணிமனையின் பணியாளர் பிரிவில் நகல் கேளுங்கள். அம்மாவின் பெயர் ஆணையில் ஞானஸ்நானப் பெயராகவும் ஆதாரில் வீட்டுப் பெயராகவும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இது அடிக்கடி வரும் சிக்கல். இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம், ஞானஸ்நானச் சான்று, ஆதார் நகல் இவற்றோடு அங்கேயே திருத்தம் கேட்கலாம். நல ஆய்வாளர் என்று ஒருவர் இருப்பார், பணிமனைக்காரர்கள் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் என்பார்கள். இந்த மாதிரி வேலைக்கென்றே இருப்பவர், தயங்காமல் அவரைப் பாருங்கள். இழுத்தடித்தால் ரயில்வே நடத்தும் ஓய்வூதிய அதாலத் என்ற குறைதீர் முகாமில் மனு கொடுக்கலாம்.

அப்பாவின் அடையாள அட்டையைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டோம், இப்போது என்ன ஆகுமோ என்று பதறியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகாது. 39 வருடம் சட்டைப் பையில் வைத்திருந்த ஒன்றை அவரோடு அனுப்பினீர்கள், அது நல்ல காரியம்தான். ஆணையின் எண் இருந்தால் போதும்.

ஏடிஎம்மில் எடுத்த பணம்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். அண்ணன் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை, எடுத்ததை வீட்டுக்குத்தான் கொடுத்திருக்கிறார். "எப்படியும் அம்மாவுக்கு வர வேண்டிய பணம்தானே" என்று நினைத்திருக்கிறார். ஆனால் பிப்ரவரி 9 வரைக்குமான ஓய்வூதியம்தான் அப்பாவுடையது. 10ஆம் தேதி முதல் அம்மாவுக்கு உரியது குடும்ப ஓய்வூதியம், அது இதைவிடக் குறைந்த தொகை. அந்த வித்தியாசம் எட்டு மாதத்துக்கும் திருப்பித் தரப்பட வேண்டியது.

இப்போதே எழுத்தில் தகவல் கொடுத்தால் பெரிய சிக்கல் இல்லை. வங்கி அம்மாவுக்கு வர வேண்டிய நிலுவையில் கூடுதலாகப் போனதைக் கழித்துக்கொள்ளும். மீதி வித்தியாசத்தை மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம். ஆனால் நவம்பர் நெருங்குகிறது. ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றை வங்கி கேட்கும் மாதம் அது. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னாராம். வேண்டாம். தெரிந்தே தொடர்ந்து எடுப்பதை மோசடி என்று பார்க்க இடமிருக்கிறது. அண்ணனிடமிருந்து அந்த அட்டையை வாங்கி வங்கியில் ஒப்படையுங்கள். குற்றம் சாட்டும் குரலில் பேச வேண்டாம். எட்டு மாதமாக வீட்டுச் செலவைச் சுமந்தவர் அவர்தான்.

கூட்டுக் கணக்கு என்பதால் அம்மா புதுக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. அம்மாவின் பெயர் ஓய்வூதிய ஆணையில் இருப்பதால் இதற்கு வாரிசுச் சான்றிதழும் தேவையில்லை, பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் இல்லை. இறப்புச் சான்று, ஆணையின் நகல், அம்மாவின் ஆதார், பான், அம்மாவின் மனு. அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழ் வீட்டுக்கும் மற்ற சொத்துக்கும் வேண்டியிருக்கும், அதை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் தனியே வாங்கி வையுங்கள்.

பைபிளுக்குள் இருந்த தாள்

அதைப் படித்துவிட்டு அன்றிரவு எல்லோரும் அழுதோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வாசகங்களைப் பலமுறை படித்தேன். மே முதல் தேதி திருச்சபை தொழிலாளரான புனித சூசையப்பரைக் கொண்டாடும் நாள். பணிமனையில் இரும்போடு வாழ்ந்த மனிதர் தன் பெயரில் சாப்பாடு போட அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

சட்டத்தில் அது உயில் ஆகுமா? ஆகாது. காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. முத்திரைத்தாளில் எழுதாததாலோ பதிவு செய்யாததாலோ உயில் செல்லாமல் போகாது, சாதாரணத் தாளே போதும். ஆனால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ன்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இதில் யாரும் இல்லை. இப்போது யாரையாவது சாட்சியாகப் போடச் சொல்லலாமா என்று தங்கை கேட்டாராம். கூடவே கூடாது. அது போலி ஆவணம் ஆகிவிடும், அப்பாவின் கையெழுத்தையும் அது கெடுத்துவிடும்.

கோயில் பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர், நெருங்கிய உறவு இருக்கும் கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கு உயில் எழுதினால் செல்லாது என்றாராம். ஒரு காலத்தில் அப்படிக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது உண்மை. இறப்பதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருந்தது. அந்தப் பிரிவு கிறிஸ்தவர்களைப் பாரபட்சமாக நடத்துகிறது என்று சொல்லி 2003ல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அம்மா நாளை உயில் எழுதும்போது இந்தத் தடை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உயில் இல்லாததால் சொத்து சட்டப்படி பிரியும். கிறிஸ்தவர்களுக்கு மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. வீட்டை ஒன்பது பங்காக நினைத்துக்கொண்டால் அம்மாவுக்கு மூன்று, அண்ணனுக்கு இரண்டு, உங்களுக்கு இரண்டு, தங்கைக்கு இரண்டு. கல்யாணம் ஆகிப் போன பெண் என்பதால் உங்கள் பங்கு குறையாது, மூத்த மகன் என்பதால் அண்ணனுக்குக் கூடாது.

வைப்பு நிதியும் இதே கணக்குதான். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர், பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. இதை உச்ச நீதிமன்றம் 1983 முதல் 2023 வரை வெவ்வேறு வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆறு லட்சத்தில் அம்மாவுக்கு இரண்டு லட்சம். பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம். ஆகவே இரண்டரை லட்சத்தில் கல்லறை கட்ட வேண்டும் என்றால் அண்ணன் தனியாக முடிவெடுக்க முடியாது. எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

கல்லறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகன் அப்பாவுக்குச் செய்ய ஆசைப்படுகிறார், அந்த ஆசையை மதியுங்கள். ஆனால் முதலில் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இடப் பற்றாக்குறையால் பல கல்லறைத் தோட்டங்களில் நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதி இல்லை. அளவுக்குக் கட்டுப்பாடும் இருக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். என் யோசனை, அம்மாவின் கையில் இரண்டு வருடச் செலவுக்காவது பணம் நிற்கும்வரை அந்த வைப்பு நிதியைத் தொட வேண்டாம். அதன் வட்டியில் வருகிற மே முதல் தேதி அப்பா எழுதியபடி சாப்பாடு போடுங்கள். அப்பா தன் நினைவாக என்ன செய்ய வேண்டும் என்று தானே எழுதிவைத்திருக்கிறார். அதில் கிரானைட் இல்லை. அண்ணனுக்கு மனம் கேட்காவிட்டால் தன் பங்கிலிருந்து ஒரு சிறிய கல் வைக்கட்டும், மீனும் இன்ஜினும் அதிலேயே செதுக்கலாம்.

வீட்டு விஷயத்தில் அப்பாவின் விருப்பத்தை நிறைவேற்ற இரண்டு வழி. பிள்ளைகள் மூவரும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுப்பது ஒன்று. பிறகு அம்மா தங்கைக்கு உயில் எழுதுவார். இன்னொன்று, எல்லோருமாகச் சேர்ந்து இப்போதே தங்கை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி, அம்மா உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை அதில் வைப்பது. இரண்டாவது உறுதியானது, ஆனால் பத்திரம் பதிவானபின் அம்மாவின் கையில் முடிவு இல்லை. முதலாவதில் அம்மா பின்னாளில் மனம் மாறி உயிலை மாற்றலாம், அந்த ஆபத்து தங்கைக்கு உண்டு. 69 வயதில், கணவரை இழந்த முதல் வருடத்தில் இருக்கும் ஒருவருக்கு வீட்டின் முழு உரிமையும் கையில் இருப்பது பெரிய தைரியம். அதனால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். உயில் எழுதும்போது இரண்டு சாட்சிகளும் வெளியாட்களாக இருக்கட்டும். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் சட்டப்படி, உயிலால் பயன்பெறும் ஒருவரோ அவருடைய கணவர் அல்லது மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும்.

இதற்கெல்லாம் அவசரம் இல்லை. முதலாண்டு முடியட்டும்.

தங்கையின் நிலை

மாமா நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் அது தவறு. கருணை அடிப்படையிலான ரயில்வே வேலை, பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் குடும்பத்துக்கும், மருத்துவக் காரணத்தால் வேலையை இழந்தவர்களின் குடும்பத்துக்கும்தான். ஓய்வு பெற்றபின் இறந்தவருக்கு அது கிடையாது.

குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்குப் பிறகு தங்கைக்கு வருமா என்பது முக்கியமான கேள்வி. விதவை மகள், விவாகரத்தான மகள், மணமாகாத மகள் ஆகியோருக்கு 25 வயதைத் தாண்டினாலும் வர வழி உண்டு. பெற்றோரைச் சார்ந்து இருக்க வேண்டும், வருமான வரம்பும் இருக்கிறது. விவாகரத்து விஷயத்தில் ஒரு நிபந்தனை: பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கும்போதே நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு தொடங்கியிருக்க வேண்டும். தீர்ப்பு பின்னால் வந்தாலும் பரவாயில்லை. கணவரைப் பிரிந்து வாழ்வது மட்டும் போதாது. அப்பா இறந்துவிட்டதால் கதவு மூடிவிட்டது என்று தங்கை நினைக்கிறார். அம்மா இருக்கிறார், கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் ஓய்வூதியத்துக்காக விவாகரத்து வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். சேர்ந்து வாழ வாய்ப்பு உண்டா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அப்பா பக்திமான், இதை விரும்பியிருக்க மாட்டார் என்ற எண்ணமும் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த அப்பாதான் மூன்று வருடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் மகளை வீட்டில் வைத்துக்கொண்டார், வீட்டையே அவள் பெயருக்கு எழுத நினைத்தார். அதையும் தங்கை எண்ணிப் பார்க்கட்டும்.

விவாகரத்து இல்லாமலே கணவரிடமிருந்து அவருக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்றிருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144ஆம் பிரிவு. திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரித் திருச்சபை நீதிமன்றத்தில் மனுச் செய்யப் பங்குத்தந்தை சொன்னாராம். மறுபடி கோயிலில் திருமணம் செய்ய அது தேவைப்படலாம். ஆனால் திருச்சபை தரும் தீர்ப்புக்கு அரசு சட்டத்தில் மதிப்பில்லை, உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ரயில்வேயிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள். திருச்சபைக்கு ஒரு வழி, சிவில் நீதிமன்றத்துக்கு ஒரு வழி, இரண்டும் தனித்தனி. இருவருக்கும் சம்மதம் என்றால் விவாகரத்துச் சட்டம் 1869ன் 10ஏ பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடலாம். தங்கையை ஒருமுறை தனியாக, நீங்களோ அண்ணனோ இல்லாமல், ஒரு வழக்கறிஞரிடம் பேசவிடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

நினைவு மலரில் என்ன எழுதுவது

இது சட்டக் கேள்வி இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய வரைவில் "பாசத்தின் சிகரமே, பண்பின் இமயமே" என்று நாலு வரி இருக்கிறது. அதை எந்த வீட்டு அப்பாவுக்கும் போடலாம். உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை அப்படியே போடுங்கள் என்பதே என் யோசனை. மயிலிறகுத் தக்கை, விரால் கிடைத்தால் வரும் ஃபோன், ரயில்வே இலவசப் பயண பாஸில் எல்லோரையும் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் ராத்திரி மணலில் படுக்கவைத்தது, இவையெல்லாம் அவர் ஒருவருக்கே உரியவை.

வேலையைப் பற்றியும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அப்பாவின் வேலை தெரியாமலே போய்விடுகிறது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1928ல். அந்த ஊரே பணிமனையைச் சுற்றி எழுந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் அங்கே உயிரிழந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த அஞ்சலிக்கு அப்பா போவார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது மலரில் இருக்க வேண்டும். 1974 மே 8 தொடங்கி 20 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் அவருக்கு என்ன நடந்தது, வேலை இல்லாத நாட்களில் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது? அப்போது ஆற்று மீன்தான் வீட்டில் சோறு என்று பாட்டி சொன்னதாக ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மீன்பிடிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கே பதில் இருக்கலாம். அம்மாவைக் கேளுங்கள். நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்கள் பொன்மலையில் உருவானது அவருடைய கடைசிப் பணிக்காலத்தை ஒட்டித்தான். அதில் அவர் கை பட்டதா என்று கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவர்களும் எழுபதைத் தாண்டியவர்கள், சீக்கிரம் போய்ப் பார்த்து ஃபோனில் பதிவு செய்து வையுங்கள்.

தூண்டில் சாமான்கள் பேரனுக்கு என்று அப்பா எழுதியிருக்கிறார். அதற்குப் பத்திரம் எதுவும் வேண்டாம். ஆனால் அம்மா தானாகக் கொடுக்கும்வரை காத்திருங்கள். அதுவரை பையன் வேறு கழியில் மீன் பிடிக்கட்டும். தாத்தா முள் கட்டக் கற்றுக்கொடுத்த விதத்தை மலருக்காக அவனே தன் கையால் எழுதித் தரட்டும்.

மலருக்காக எடுக்கும் பழைய காகிதங்களில் பணி நியமன ஆணை, பணிச் சான்று, ஓய்வூதிய ஆணை இவற்றின் அசலை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள். ஃபிரேம் போட்டுச் சுவரிலும் மாட்ட வேண்டாம். நகல் போதும். தங்கைக்குப் பிற்காலத்தில் அந்த அசல்கள் தேவைப்படலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டுதான். ஒன்று, அம்மாவையும் இறப்புச் சான்றையும் ஏடிஎம் அட்டையையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள், கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அம்மா இன்னும் தயாராகவில்லை என்றால், இறந்த தகவலை மட்டுமாவது நீங்கள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மனு சில வாரம் கழித்துப் போனாலும் பிப்ரவரி 10 முதலான நிலுவை அம்மாவுக்கு வந்து சேரும். இரண்டு, நல ஆய்வாளரைப் பார்த்துப் பெயர்த் திருத்தத்துக்கும் திருத்திய ஆணையின் நகலுக்கும் மனுக் கொடுங்கள். அப்போதே அம்மாவுக்கு விதவைக்கான பாஸ் பற்றியும் கேளுங்கள். அப்பாவுக்குக் கிடைத்ததைவிட எண்ணிக்கை குறையும், ஆனால் உண்டு. தங்கைக்கு ரயில்வே வேலை வாங்கித் தருகிறேன் என்று மாமாவுக்குத் தெரிந்த யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.